நாலு கம்பிக்குப் பட்ட கடன்

வேலூர்க்காரர்களுக்கும், குடியாத்தம், ராணிப்பேட்டை நண்பர்களுக்கும் வணக்கம்.

போன வைகாசியில் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவை ஒட்டி நடந்த ஒரு கச்சேரியில், மேடையின் ஓரமாக, டிரம்ஸுக்குப் பக்கத்தில் நரைத்த தலையோடு ஒருவர் நின்றிருந்ததைச் சிலர் பார்த்திருக்கலாம். சவுண்ட் செட்காரர் என்று நினைத்தவர்களும் உண்டு. ஒரு அம்மா நேராக என்னிடம் வந்து, "சத்தத்தைக் கொஞ்சம் கம்மி பண்ணுப்பா, காது போவுது" என்றார். அது நான்தான். தோளில் தொங்கியது பேஸ் கித்தார், அடிச்சுருதி வாசிக்கிற நாலு கம்பிக் கித்தார், நானே செய்தது. பதினோரு பாட்டு வாசித்தேன். எட்டில் தப்பு வரவில்லை. 68 வயதில் முதல் மேடைக்கு அது போதும்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து படுத்தும் தூக்கம் பிடிக்கவில்லை. யார் யாருக்கெல்லாம் நன்றி சொல்லாமல் விட்டிருக்கிறேன் என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. 36 வருடம் தபால் நிலைய கவுண்ட்டரில் உட்கார்ந்தவன் நான். சாயங்காலம் கணக்கு நேராகாமல் எழுந்திருக்கத் தெரியாது. அதனால்தான் இந்த மடல். பெயர் போட்டால் சங்கடப்படுகிறவர்கள் பலர் என்பதால் யார் பெயரும் எழுதவில்லை. அவரவருக்குத் தெரியும்.

முதல் கடன் 1979-ல் பட்டது. எனக்கு அப்போது 22 வயது, வேலை இல்லை. சலவன்பேட்டைப் பக்கம் ஒரு மெல்லிசைக் குழுவுக்கு ஸ்பீக்கர் பெட்டி தூக்கப் போவேன். கூலி கிடையாது, கச்சேரி முடிந்ததும் பரோட்டா. அந்தக் குழுவில் பேஸ் வாசித்த அண்ணனை யாரும் கவனித்த மாதிரியே தெரியாது. ஆனால் இளையராஜா பாட்டு வந்தால் நான் அவர் விரலை மட்டும்தான் பார்ப்பேன். ராஜா சாரின் பாட்டில் பேஸ் அடியில் சும்மா படுத்துக் கிடக்காது, அதுபாட்டுக்கு ஒரு தனி மெட்டு பாடிக்கொண்டு போகும். ஸ்பீக்கர் பெட்டிமேல் சாய்ந்து உட்கார்ந்தால் அது முதுகெலும்பு வழியாகக் கேட்கும். ஒரு நாள் துணிந்து, "அண்ணே, ஒருதரம் தொட்டுப் பாக்கட்டுமா?" என்றேன். கழற்றி என் தோளில் மாட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அந்த ஐந்து நிமிஷத்துக்கான நன்றியை அவரிடம் சொல்ல இனி வழியில்லை.

அப்புறம் வேலை, கல்யாணம், இரண்டு பிள்ளைகள். 2017-ல் ஓய்வு. பையன் என்னைச் சென்னைக்கு அழைத்துப்போய், அண்ணா சாலையில் 1842-லிருந்து இருக்கிற மியூசி மியூசிக்கல் கடையில் ஒரு சாதாரண பேஸ் வாங்கித் தந்தான். அதை நான் வாசித்த நேரத்தைவிடக் கழற்றிப் போட்டுப் பார்த்த நேரம்தான் அதிகம். உள்ளே என்ன இருக்கிறது? ஒரு பலகை, ஒரு நீளக் கட்டை, கொஞ்சம் காந்தம், கொஞ்சம் செம்புக் கம்பி. இதை நாமே செய்ய முடியாதா என்று தோன்றிய அன்றைக்குப் பிடித்த சனி இன்னும் விடவில்லை.

காகிதப்பட்டறையில் மரக்கடை வைத்திருக்கும் பாய், நான் போய்ப் படம் வரைந்து காட்டியபோது கால் மணி நேரம் ஒன்றுமே பேசவில்லை. பிறகு உள்ளே போய், பழைய வீடு இடித்தபோது வந்த ஒரு பலாப் பலகையை எடுத்துவந்து தட்டிக் காட்டினார். "வீணைக்கு பலா, மிருதங்கத்துக்கு பலா, இதுக்கு மட்டும் ஆவாதா?" என்றார். விலை கேட்டேன். "நானூறு. இப்ப வேணாம், வாசிச்சுக் காட்டிட்டு குடுங்க" என்றார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

பலகை எளிது. கம்பிகள் ஓடுகிற அந்த நீளக் கட்டை, அதாவது கழுத்துதான் ஆளைக் கொல்லும். நாலு கம்பியையும் சுருதிக்கு ஏற்றினால் கழுத்தை இழுக்கும் விசை எண்பது கிலோவை ஒட்டி வரும், நல்ல சதைப்பிடிப்பான ஆள் ஒருவர் ராப்பகலாகத் தொங்குவது மாதிரி. என் முதல் கழுத்து இரண்டே வாரத்தில் வளைந்துவிட்டது. கொசப்பேட்டை ஆசாரியண்ணனிடம் எடுத்துப்போனேன். கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "வில்லு செய்யணும்னு முதல்லயே சொல்லியிருக்கலாமே சார்" என்றார். சிரித்து முடித்தபின் பக்கத்தில் உட்காரவைத்து, மரத்தை முனையில் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார். வளையக் கோடுகள் பலகையில் படுத்திருந்தால் அது வளையும், எழுந்து நின்றிருந்தால் அதுவும் நிற்கும். பழைய தேக்கு வாசற்காலிலிருந்து அப்படி ஒரு துண்டை அவரே அறுத்து, இழைப்புளி போட்டுக் கொடுத்தார். அதன் முதுகில் காடி எடுத்து உள்ளே ஓட்டுகிற எஃகுக் கம்பிக்கு மரை போட்டுத் தந்தது சிப்காட் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒரு தம்பி. வேலூர் வெயிலுக்கு அந்தக் கம்பி இல்லாமல் ஒரு கழுத்தும் பிழைக்காது. அக்னி நட்சத்திரத்தில் மரம் காய்ந்து சுருங்கி, ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகத் தண்டு) முனைகள் ரம்பப் பல் மாதிரி ஓரத்தில் துருத்திக்கொண்டு கையைக் கிழிக்கும். மழைக்காலத்தில் அதே கழுத்து வேறு பக்கம் அசையும். வருடத்துக்கு இரண்டு தரமாவது மரையைத் திருகி நேராக்குகிறேன்.

அடுத்த கடன், எங்கள் தெருவிலேயே, சத்துவாச்சாரியில் இருக்கும் கணக்கு வாத்தியாருக்கு. இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும்.

வீணையில் ஃப்ரெட்டுக்குப் பெயர் மெட்டு, அவை மெழுகில் பதிந்திருக்கும். சுருதி விலகினால் மெழுகை இளக்கி நகர்த்தலாம். கித்தாரில் அந்தச் சலுகை இல்லை. காடி வெட்டி ஃப்ரெட்டை அடித்து இறக்கினால் இறக்கியதுதான். லியோ ஃபெண்டர் 1951-ல் கொண்டுவந்த பேஸின் கம்பி நீளம் 34 அங்குலம், அதாவது 864 மில்லிமீட்டர். இன்றைக்கும் அதுதான் பொது அளவு. அதை 18-ஆல் வகுத்தால் முதல் ஃப்ரெட், மிச்சத்தை மறுபடி 18-ஆல் வகுத்தால் இரண்டாவது, இப்படியே போ என்று எப்போதோ ஒரு ரிப்பேர்காரர் சொல்லக் கேட்டிருந்தேன். அப்படியே வெட்டினேன். பன்னிரண்டாவது ஃப்ரெட் கம்பியின் நட்டநடுவில், 432-ல் விழவேண்டும். என்னுடையது 429-ல் நின்றது. மேலே போகப் போக எல்லாம் சுருதி இறங்கிப் பேசியது.

வாத்தியார் பேப்பரை வாங்கிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பன்னெண்டு வருஷத்துல பணம் ரெட்டிப்பாவணும். கூட்டு வட்டி எவ்வளவு?" கிசான் விகாஸ் பத்திரம் விற்றே தலை நரைத்தவனிடம் கேட்கிற கேள்வியா! ஆறுக்குக் கொஞ்சம் கம்மி என்றேன். "5.95. அவ்வளவுதான் உங்க கித்தாரு. பன்னெண்டு படியில அதிர்வு ரெட்டிப்பாவணும், ஒவ்வொரு படிக்கும் அந்த வட்டி. வகுக்க வேண்டியது 18 இல்ல, 17.817." முதல் ஃப்ரெட்டில் வித்தியாசம் அரை மில்லிமீட்டர்தான். பன்னிரண்டு படி ஏறும்போது அதுவே மூன்று மில்லிமீட்டர் ஆகிவிடுகிறது. நான் முகம் வாடியதைப் பார்த்து, கலிலியோவின் அப்பா வின்சென்சோ கலிலியே 16-ஆம் நூற்றாண்டில் லூட் வாத்தியத்துக்கு இந்தப் பதினெட்டுக் கணக்கைத்தான் சொன்னார், உமக்கென்ன வெட்கம் என்று தேற்றினார். இருபது ஃப்ரெட்டுக்கும் பென்சிலில் அவர் எழுதித் தந்த அட்டவணை இன்னும் என் மொட்டைமாடிப் பட்டறைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. சார், காலையில் நடக்கப் போகும்போது எதிரே பார்த்தால் தலையாட்டிவிட்டுப் போகிறோமே தவிர, இதை உங்களிடம் நேரில் சொன்னதே இல்லை.

ஆற்காடு சாலையில் மோட்டார் காயில் கட்டும் தம்பிக்கு என்ன சொல்வது? கம்பியின் அதிர்வை மின்சாரமாக்குகிற பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய காயில்தான். கம்பி மட்டும் மோட்டார் கம்பி மாதிரி இருக்காது, தலைமுடி கனம்தான். அமெரிக்கக் கணக்கில் 42 கேஜ், நம் கடைக் கணக்கில் கிட்டத்தட்ட 46. அதைப் பத்தாயிரம் சுற்று சுற்ற வேண்டும். ஆறாயிரத்தில் ஒரு தரம் அறுந்தது, ஒன்பதாயிரத்தில் ஒரு தரம். மூன்றாவது தரம் கடையை மூடிவிட்டு, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, ஒரு சொட்டு வேர்வை கம்பியில் விழாமல் சுற்றி முடித்தார். மீட்டரில் பத்து கிலோ ஓம் சொச்சம் காட்டியதும் இரண்டு பேரும் ஏதோ பிள்ளை பிறந்த மாதிரி கை குலுக்கிக்கொண்டோம். அவருக்கு நியாயமாகக் காசு கொடுத்துவிட்டேன். அந்த இரண்டு மணி நேர வேர்வைக்குத்தான் கொடுக்க முடியவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் இடது மோதிர விரல் மடங்கினால் நிமிர மறுத்தது. கொக்கி மாதிரி நின்றுவிட்டு டக்கென்று விடும். சர்க்கரை இருப்பவர்களுக்கு வருகிறதுதானாம். நல்லவேளை, கைக்குப் பேர்போன ஊரில் இருக்கிறேன். 1940-களின் கடைசியில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தியது இங்கே சிஎம்சி மருத்துவமனையில்தான். எனக்கு அவ்வளவெல்லாம் தேவைப்படவில்லை. ஒரு ஊசி, விரலை அசையாமல் பிடிக்க ஒரு ஸ்பிளின்ட், தினமும் பயிற்சி. பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண், "அங்கிள், எப்படி வாசிப்பீங்கனு காட்டுங்க" என்று கேட்டு, ஒரு ஸ்கேலை கித்தாராகப் பிடிக்கச் சொல்லி என் விரல் விரிவதை அளந்தார். "கைய மாத்த முடியாது, நீங்க கித்தார மாத்துங்க" என்றார். சரி என்று 30 அங்குலக் கம்பி நீளத்தில் ஒன்று செய்தேன். முதல் ஃப்ரெட் 48.5-லிருந்து 43 மில்லிமீட்டருக்கு வந்தது. குடியாத்தத்தில் நீங்கள் கேட்டது அதைத்தான். பயிற்சி சொல்லித்தந்த அம்மா, நீங்கள் எந்த ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

மேடையில் என்னை ஏற்றிய குழுவுக்கு வருகிறேன். இப்போது பல குழுக்களில் பேஸுக்கு ஆள் வைப்பதில்லை, கீபோர்டுக்காரரே இடது கையில் பார்த்துக்கொள்கிறார். அப்படி இருந்தும் ஒரு கிழவனை நம்பி மூன்று மாதம் ஒத்திகைக்குக் கூப்பிட்டார்கள். என் பேத்தி வயசுக்குக் கொஞ்சம் கூட இருக்கும் டிரம்ஸ் தம்பி முதல் நாளே தெளிவாகச் சொன்னார்: "தாத்தா, பாட்டைக் கேக்காதீங்க. என் வலது காலை மட்டும் பாருங்க." அன்றைக்குத் தப்பு போன மூன்று பாட்டும் நான் அவர் காலை விட்டுவிட்டுப் பாடகியைப் பார்த்த பாட்டுகள்.

பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு நன்றியோடு மன்னிப்பும் சேர வேண்டும். அடிச்சத்தத்தைச் சுவர் தடுக்காது. அவர்கள் மகள் பரீட்சைக்குப் படித்த வருடம், ஒரு வார்த்தை குறை சொல்லாமல், தன் பரீட்சைத் தேதிகளை ஒரு சீட்டில் எழுதி என் கேட்டில் சொருகிவிட்டுப் போனாள். அதைவிட மரியாதையாக ஒரு ஆளை அடக்க முடியாது.

வீட்டம்மாவுக்கு நன்றி என்று எழுதினால், "ஊருக்கெல்லாம் சொல்லிட்டு கடைசியில எனக்கா?" என்பாள். தடித்த பக்கத்திலிருந்து இரண்டாவது கம்பியை விரல் அழுத்தாமல் மீட்டினால், 55 ஹெர்ட்ஸ், எங்கள் சமையலறையில் ஒரு எவர்சில்வர் தாம்பாளம் மட்டும் கிணுகிணுவென்று அதிரும். வேறு எந்தச் சுருதிக்கும் அது அசையாது. பல வருடமாக அவள் அதை வைத்துத்தான் நான் சுருதி சேர்த்தேனா இல்லையா என்று அடுப்படியிலிருந்தே சொல்கிறாள். இதுவரை தப்பாகச் சொன்னதில்லை.

கடைசியாக, பாய். வாசித்துக் காட்டிவிட்டுக் காசு கொடுக்கச் சொன்னீர்கள். முதலில் சுருதி சரியில்லை, பிறகு விரல் சரியில்லை, பிறகு வெட்கம். நானூறு ரூபாய் ஒரு தபால் உறைக்குள் எடுத்துவைத்து ஏழு வருடம் ஆகிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடைக்கு வருகிறேன். கித்தாரை நான் கொண்டுவந்துவிடுவேன். ஆம்ப்ளிஃபயர்தான் இருபது கிலோ, ஆட்டோவிலிருந்து இறக்கிவைக்கக் கடைப் பையனைக் கொஞ்சம் இருக்கச் சொல்லுங்கள்.