பரணில் கிடக்கும் கிடார் இதழ்களை எடைக்குப் போடாதீர்கள்

மெல்லிசைக் குழுக்களிலும் சினிமா ஒலிப்பதிவுகளிலும் கிடார் வாசித்த மூத்தவர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மார்களே, அண்ணிமார்களே, பிள்ளைகளே, வணக்கம்.

போன மாதம் எங்கள் குழுவின் லீட் கிடார் அண்ணன் காலமானார். பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். சாப்பிட்டு முடிந்ததும் அண்ணியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன்: "அண்ணி, பரண் மேல அண்ணன் வச்சிருந்த இங்கிலீஷ் புக்கெல்லாம் இருக்கா?" அவருக்கு முதலில் பிடிபடவில்லை. அப்புறம் சொன்னார்: "அந்தப் பழைய கிடார் புக்கா? அவரு ஆஸ்பத்திரில இருந்தப்போ வீடு ஒழிச்சோம்ப்பா. ரெண்டு மூட்டை, பேப்பர்காரர்கிட்ட போட்டாச்சு. வழவழ தாளுக்கு விலை கம்மின்னு வேற சொன்னாரு."

அண்ணி மேல் ஒரு குறையும் இல்லை. அந்த மூட்டையில் என்ன இருந்தது என்று நாங்கள் யாரும் அவரிடம் சொன்னதே கிடையாது. உங்கள் வீட்டிலும் சொல்லியிருக்க மாட்டீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

ஒரே ஒரு இதழ் தப்பியிருந்தது. கிடார் பெட்டியில், கழுத்துக்கு அணைவாக மடித்துச் செருகியிருந்தார். மேலட்டை போய்விட்டது, ஸ்டேபிள் பின் துருப்பிடித்து நடுத்தாள் கழன்றிருந்தது. 80-களின் 'கிடார் பிளேயர்'. அண்ணி அதை என் கையில் கொடுத்து, "நீயே வச்சிக்கோ" என்றார். அன்று இரவு அதைப் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். அதில் என்ன கண்டேன் என்பதைக் கொஞ்சம் பின்னால் சொல்கிறேன்.

இளையவர்களுக்காக இரண்டு வார்த்தை. 'கிடார் பிளேயர்' 1967-ல் கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் தொடங்கிய இதழ். மற்ற பத்திரிகைகள் பாடகரின் தலைமுடியையும் காதலையும் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், எந்தக் கம்பி, எந்தப் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தம்), எந்த ஆம்ப் (அந்தச் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி), விரலை எப்படி வைப்பது என்று வாசிப்பவரிடம் வாசிப்பவரின் பாஷையில் பேசியது அது. 1980-ல் 'கிடார் வேர்ல்ட்' வந்தது. இங்கிலாந்தின் பாத் நகரிலிருந்து 1994-ல் 'டோட்டல் கிடார்' வந்தது. நம் நாட்டில், அலகாபாத்திலிருந்து அமித் சைகல் 1993-ல் 'ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்' கொண்டுவந்தார். 'கிடார் பிளேயர்', 'டோட்டல் கிடார்' இரண்டுமே 2024-ம் ஆண்டோடு அச்சை நிறுத்திக்கொண்டன. அந்தச் செய்தி வந்த அன்று அண்ணன் எனக்கு போன் போட்டார். "கடையைச் சாத்திட்டாங்கப்பா" என்றார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை.

சென்னையில் ஸ்பானிஷ் கிடாரை முறையாகக் கற்க வழி இருந்தது. லண்டன் ட்ரினிட்டி கல்லூரியின் தேர்வு இருந்தது, அதற்குப் பாடப் புத்தகம் இருந்தது, சொல்லிக்கொடுக்க மாஸ்டர்கள் இருந்தார்கள். இளையராஜா அந்தத் தேர்வு எழுதிய கதை ஊருக்கே தெரியும். ஆனால் எலெக்ட்ரிக் கிடாருக்கு அப்படி ஒன்றும் இல்லை. டிஸ்டார்ஷன் என்கிற கரகரத்த சத்தம் எப்படி வருகிறது, ஃபீட்பேக் என்கிற ஊளையை எப்படி அடக்குவது, இதையெல்லாம் கேட்க ஆள் இல்லை. இந்த இதழ்கள்தான் மாஸ்டர். சந்தா கட்ட டாலருக்கு எங்கே போவது? ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோன பெரம்பூர் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் உறவுக்காரர்களுக்கு அனுப்பும் பார்சலில் ஒன்று வரும். கப்பலில் வேலை பார்த்தவர்கள் கொண்டுவருவார்கள். மூர் மார்க்கெட்டில் கட்டுக்கட்டாகப் போட்டிருக்கும் வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்கு நடுவில் ஒன்று தலைகாட்டும். 1985 மே மாதம் மூர் மார்க்கெட் எரிந்தபோது மறுநாள் காலை நாங்கள் நான்கு பேர் போய் நின்றோம். நனைந்த காகிதச் சாம்பல் வாடை இன்னமும் மூக்கில் இருக்கிறது. அதற்கப்புறம் மூர் மார்க்கெட் கடைகள் இடம் மாறிய அல்லிக்குளமும் நடைபாதைக் கடைகளும்தான். கிடைத்ததெல்லாம் இரண்டு மூன்று வருடம் பழையது. எங்களுக்கு அதுதான் புதுசு.

எங்களிடம் தாள் இருந்தது, சத்தம் இல்லை. இதை இன்று விளக்குவது கஷ்டம். கிடாரின் சத்தத்தை மாற்றக் காலால் மிதிக்கும் ஒரு பெடலைப் பற்றி முக்கால் பக்கம் எழுதியிருப்பார்கள். அந்தப் பெடலை நாங்கள் பார்த்ததும் இல்லை, கேட்டதும் இல்லை. வார்த்தையை வைத்துத்தான் சத்தத்தைக் கற்பனை செய்ய வேண்டும். ஃப்ளாஞ்சர் என்றால் ஜெட் விமானம் கடந்து போகிற மாதிரி இருக்கும் என்று ஒரு இதழில் போட்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் எங்களை மின்சார ரயிலில் மீனம்பாக்கம் கூட்டிப் போனார். இறங்குகிற விமானம் தலைக்கு மேல் வரும்போது கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். "சத்தம் மேல இருந்து கீழ வழுக்குது பாரு, அது நடுவுல குழாய்க்குள்ள பேசுற மாதிரி ஒண்ணு வருதுல்ல, அதான்" என்றார். நாலு வருடம் கழித்து ஒரு ஒலிப்பதிவில் நிஜ ஃப்ளாஞ்சரை மிதித்தபோது, அதை எங்கே நிறுத்த வேண்டும் என்று என் காலுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

அமெரிக்க ராக் கிடார்க்காரர் எடி வான் ஹேலனின் கிடார் கதையும் இந்தப் பக்கங்கள் வழியாகத்தான் எங்களிடம் வந்தது. ஐம்பது டாலருக்கு ஒரு கழிவு பாடி, எண்பது டாலருக்கு ஒரு நெக், பழைய கிப்ஸன் கிடார் ஒன்றிலிருந்து கழற்றிய பிக்கப். இவற்றை வைத்துத் தானே சேர்த்த கிடாரில்தான் அவர் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தார். வெளிநாட்டுக் கிடார் வாங்க வழியில்லாமல் கல்கத்தாவில் செய்த கிடாரை வைத்துக்கொண்டிருந்த எங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அதைப் படித்த வாரமே அண்ணன் ஓட்டேரியில் ஒரு ஆசாரியிடம் தேக்கில் பாடி செய்யக் கொடுத்தார். கனம் தாங்காமல் தோள்பட்டை வலித்தது. ஆனால் நின்று ஒலிக்கும் அதன் நீளம் இருக்கிறதே, அப்படி ஒன்றை அப்புறம் நான் கேட்கவில்லை.

மைக் வார்னி என்பவர் 'கிடார் பிளேயர்' இதழில் ஒரு பத்தி நடத்தினார். பெயர் தெரியாத வாசிப்பாளர்கள் அனுப்பும் கேசட்டைக் கேட்டு நல்லவர்களை அறிமுகப்படுத்துவார். ஸ்வீடனிலிருந்து கேசட் அனுப்பிய ஒரு பத்தொன்பது வயதுப் பையன் 1983-ல் அதில் வந்தான், அடுத்து அமெரிக்காவுக்கே போய்விட்டான். இங்வே மால்ம்ஸ்டீன் அவன்தான். சரி, ஸ்டாக்ஹோமிலிருந்து போகும் கேசட் சைதாப்பேட்டையிலிருந்து போகாதா? எங்கள் ரிதம் கிடார்க்காரர் அனுப்பினார். பதில் வரவில்லை. ஆனால் அதை அனுப்புவதற்காக ஆறு மாதம் தினமும் நாலு மணி நேரம் சாதகம் செய்தார். அவர் பிற்பாடு வாசித்த எல்லாமே அந்த ஆறு மாதத்தில் விளைந்தது.

1984-லிருந்து இதழுக்குள்ளேயே மெல்லிய வளையும் இசைத்தட்டு வைத்துத் தைக்க ஆரம்பித்தார்கள். ஸ்டீவ் வாய் என்ற அமெரிக்கக் கிடார்க்காரர் வாசித்தது அப்படித்தான் பலர் காதில் முதலில் விழுந்தது. கிழித்தெடுத்து ரெக்கார்ட் பிளேயரில் வைத்து, வழுக்காமல் இருக்க மேலே ஒரு எட்டணா வைப்போம். பத்து தடவைக்கு மேல் ஓட்டினால் கரகரக்கும். அதனால் ஊரில் எல்லாரும் ஒரே நாள் கூடிக் கேட்போம்.

விளம்பரங்களையும் சொல்லியாக வேண்டும். கட்டுரையை வெட்டி வைத்துக்கொண்டு விளம்பரப் பக்கத்தைத் தூக்கிப் போட்டவர்கள் உங்களில் உண்டு, எனக்குத் தெரியும். என் கணக்கில் பாதிப் படிப்பு விளம்பரத்தில்தான். எந்த வருடம் எந்த மாடல் வந்தது, குமிழ்கள் எத்தனை, எந்த வரிசையில் இருக்கின்றன என்பதெல்லாம் அந்தப் படங்களில் இருந்தது. இன்று ஒரு பழைய கிடாரின் வயதைக் கண்டுபிடிக்க உலகம் முழுக்க ஆட்கள் அந்த விளம்பரங்களைத்தான் தேடுகிறார்கள்.

தப்பிய அந்த ஒற்றை இதழுக்கு இப்போது வருகிறேன்.

ஒரு ஆம்ப் விளம்பரம். பக்கத்தின் மேல்பாதி வெள்ளையாக விட்டிருக்கிறார்கள். அந்த வெள்ளையில் அண்ணன் பென்சிலால் ஒரு ஃபஸ் பெடலின், அதாவது கிடார் சத்தத்தைக் கரகரப்பாக்கும் பெடலின், சர்க்யூட் வரைந்திருக்கிறார். இரண்டு டிரான்சிஸ்டர், நாலு ரெசிஸ்டர், மூன்று கெப்பாசிட்டர், இரண்டு கண்ட்ரோல். லண்டனில் 1966-ல் வந்த 'ஃபஸ் ஃபேஸ்' என்ற வட்டமான பெடலின் உள்ளே இருப்பது மொத்தமும் அவ்வளவுதான். டிரான்சிஸ்டர் பக்கத்தில் தமிழில், "ஏசி 128, பழைய ரேடியோவில் கழற்றலாம், ரிச்சி ஸ்ட்ரீட்டில் பத்து வாங்கி ரெண்டு தேறும்." அதன் கீழே அழுத்தி இரண்டு கோடு போட்டு, "பாட்டரி ப்ளஸ் எர்த்துக்கு. மாத்திக் கொடுத்து ஒண்ணு போச்சு." ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் சூடு ஏறினால் குணம் மாறும். அதையும் கவனித்து ஓரத்தில் எழுதியிருக்கிறார்: "மே மாசக் கச்சேரிக்கு ஆகாது. மார்கழில நல்லா பேசுது."

சென்னை வெயிலில் ஃபஸ் பெடல் எப்படி நடந்துகொள்ளும் என்று அந்த இதழை அச்சடித்தவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

இன்னொரு பக்கம் டேப்லேச்சர், அதாவது எந்தக் கம்பியில் எந்தக் கட்டத்தில் விரல் வைப்பது என்று எண்ணால் காட்டும் குறிப்பு. ஆறு கோட்டில் எண்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் கீழே பொடி எழுத்தில் ஸ்வரம் எழுதியிருக்கிறார். ஒரு இடத்தில் கம்பியை வளைக்கும் அம்புக்குறிக்குப் பக்கத்தில், "காந்தாரம் அசையணும், நிக்கக் கூடாது." அதே பக்கத்தின் மூலையில், "நாளை காலை 7 கால்ஷீட், 12 ஸ்டிரிங் எடுத்துட்டுப் போகணும்." அமெரிக்காக்காரர் ஒருவர் வாசித்த ப்ளூஸ் துண்டை முந்தின நாள் ராத்திரி ஸ்வரம் போட்டுப் பார்த்துவிட்டு, மறுநாள் காலை ஸ்டுடியோவுக்குப் போன ஒரு மனிதர். அந்தப் பாட்டில் என்ன வாசித்தார் என்று தெரியவில்லை. படத்தின் இசைத்தட்டில் அவர் பெயர் இருக்காது. அந்த நாளுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே சாட்சி இந்த ஓரக்குறிப்புதான்.

"பழைய இதழெல்லாம் நெட்டிலேயே கிடைக்குதே" என்று பிள்ளைகள் சொல்வார்கள். பல கிடைக்கின்றன, நானும் படிக்கிறேன், சந்தோஷம்தான். அங்கே இருப்பது யாரோ ஒரு அமெரிக்கர் வீட்டுப் பிரதி. உங்கள் பிரதியில் உங்கள் கையெழுத்து இருக்கிறது. தமிழ்நாட்டில் எலெக்ட்ரிக் கிடாரை எப்படிக் கற்றார்கள் என்று யாராவது ஒரு நாள் எழுத உட்கார்ந்தால், அவர் தேடப்போவது அந்தப் பிரதியைத்தான். ரெண்டு மூட்டை போய்விட்டது. அதில் இப்படி எத்தனை பக்கம் இருந்ததோ என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை.

கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதுவது தொழில். அவர் புத்தகங்களோடு நிற்கவில்லை. நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை என்று ஊர் எடைக்குப் போட்டதையெல்லாம் காசு கொடுத்து வாங்கிச் சேர்த்தார். அவர் 1992-ல் இறந்த பிறகு அந்தச் சேகரம்தான் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. இன்று அந்தக் கால நாடகத்தைப் பற்றியோ இசைத்தட்டைப் பற்றியோ எழுதுகிறவர் அங்கே போகாமல் எழுத முடியாது. நம்மில் யாரும் அந்த அளவுக்குச் செய்ய வேண்டியதில்லை. பரணில் இருப்பதைக் கீழே தள்ளிவிடாமல் இருந்தாலே போதும்.

அண்ணிமார்களே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். வீடு ஒழிக்கும்போது கிடார் படம் போட்ட இங்கிலீஷ் புத்தகம் கண்ணில் பட்டால், குழுவில் இருந்த யாருக்காவது ஒரு போன் போட்டுவிட்டுச் செய்யுங்கள். கிடார் பெட்டிக்குள்ளும், ஆம்புக்குப் பின்னாலும், பழைய கேசட் டப்பாவுக்கு அடியிலும் பாருங்கள். நடுவில் கறுப்பு பிளாஸ்டிக் தாள் மாதிரி ஒன்று இருந்தால் அது இசைத்தட்டு. மடிக்காமல், வெயில் படாமல், இரண்டு அட்டைக்கு நடுவில் வையுங்கள். ராமபாணப் பூச்சி ஏறாமல் இருக்கத் துணியில் முடிந்த வசம்பு போதும். துருப்பிடித்த பின்னை மட்டும் மெதுவாகக் கழற்றிவிடுங்கள், துரு தாளைத் தின்னும்.

பிள்ளைகளே, செல்போன் உங்கள் கையில் இருக்கிறது. ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுங்கள். விளம்பரம், வாசகர் கடிதம், பின்னட்டை எதையும் விடாதீர்கள். அச்சான கட்டுரைகளின் உரிமை இன்னும் பதிப்பாளர்களிடம் இருக்கிறது. ஆகவே இதழை முழுசாகப் பொதுவில் ஏற்ற வேண்டாம், அது சரியில்லை. அப்பா கையெழுத்து இருக்கும் ஓரங்களை மட்டும் தனியாக எடுத்து வையுங்கள். அப்பா உயிரோடு இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்து, இது எந்தப் பாட்டு, எந்த ஸ்டுடியோ, யார் கூட வாசித்தீர்கள் என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். அந்தப் பக்கத்தைப் பார்த்தால் அவர் தானாகப் பேச ஆரம்பித்துவிடுவார்.

அண்ணன்மார்களே, உங்களில் பலருக்கு இப்போது விரல் வலி, காது மந்தம். மூட்டையை இறக்க ஆள் இல்லை என்றால் சொல்லி அனுப்புங்கள். நானும் குழுவில் மிச்சமிருக்கும் இரண்டு பேரும் வருகிறோம். இறக்கி, தூசி தட்டி, படம் எடுத்து, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டுப் போகிறோம். எதையும் எடுத்துக்கொண்டு போக மாட்டோம்.

கடைசியாக ஒன்று கேட்க வேண்டும். அண்ணனின் இதழில் நடுப்பக்கத்துக்கு மேலே இன்னொருவர் கையெழுத்து இருக்கிறது. பச்சை மை, சாய்ந்த எழுத்து: "சோலோ எடுத்துட்டேன். மூணாவது பார் தப்பா அடிச்சிருக்காங்க. ஞாயிறு வந்து வாசிச்சுக் காட்டுறேன்." கீழே அண்ணன் பென்சிலில், "சரிதான்." மூன்றாவது பாரில், அதாவது மூன்றாவது தாளக் கட்டத்தில், ஒரு எண்ணை அடித்துவிட்டு, பக்கத்தில் 9 என்று எழுதியிருக்கிறது. வாசித்துப் பார்த்தேன். 9-தான் சரி. பச்சை மையில் எழுதும் பழக்கம் உள்ள கிடார்க்காரரை உங்களில் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?

அன்புடன்,
உங்கள் பழைய ரிதம் கிடார்த் தம்பிகளில் ஒருவன்
பெரம்பூர், சென்னை