டெரியரைத் தத்துக் கொடுப்பவர்கள் கேள்வி கேட்கத்தான் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறிய டெரியர் நாய் ஒன்றைத் தத்தெடுக்க விண்ணப்பித்த தம்மிடம், ஆதரவற்ற நாய்களை மீட்டுத் தத்துக் கொடுக்கும் அமைப்பினர் ஏராளமான கேள்விகள் கேட்டதாகவும், வீட்டையும் நேரில் வந்து பார்த்ததாகவும் வருத்தப்பட்டு வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தைத் தங்கள் நாளிதழில் படித்தேன். அவருடைய மனத்தாங்கல் புரிகிறது. ஆயினும், அத்தகைய அமைப்பிடமிருந்து டெரியர் ஒன்றைத் தத்தெடுத்து வளர்த்துவருபவன் என்ற முறையில், அந்தக் கேள்விகளில் ஒன்றுகூட வீண் இல்லை என்றே சொல்வேன்.

டெரியரின் உருவம்தான் பலரை ஏமாற்றிவிடுகிறது. கையில் தூக்கிக்கொள்ளும் அளவில் இருப்பதால், மடியில் சுருண்டு படுத்திருக்கும் சாதுவான நாய் என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் டெரியர் இனங்களில் பெரும்பாலானவை எலிகளைக் கொல்லவும், வளைக்குள் புகுந்து நரிகளை விரட்டவும் உருவாக்கப்பட்டவை. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜான் ரஸ்ஸல் என்ற பாதிரியார் நரிவேட்டைக்காக வளர்த்த நாய்களின் வழிவந்ததே ஜாக் ரஸ்ஸல் டெரியர். பட்டுப்போன்ற முடியும் தலையில் ரிப்பனுமாக நாம் பார்க்கும் யார்க்‌ஷயர் டெரியரின் முன்னோர்கூட அந்நாட்டு ஆலைகளில் எலி பிடித்தவைதாம். அந்தக் குணம் இன்னும் போகவில்லை. மண்ணைக் கண்டால் தோண்டும், சிறு ஓசைக்கும் குரைக்கும், எதிரே பூனை ஓடினால் நாம் கூப்பிடுவது அதன் காதில் விழாது. எங்கள் வீட்டு நாய், அலமாரிக்குப் பின்னால் பல்லி நுழைந்துவிட்டால், மூக்கை இடுக்கில் திணித்து, முன்னங்கால் ஒன்றை மடக்கித் தூக்கியபடி, சாப்பாட்டுத் தட்டை வைத்த பிறகும் நகராமல் நிற்கும்.

ஆகவே, வீட்டில் ஆளில்லாத நேரம் எவ்வளவு, வாயிற்கதவுக்கு அடியில் இடைவெளி உண்டா, முயலோ கிளியோ வளர்க்கிறீர்களா, நீங்கள் வெளியூர் சென்றால் யார் பார்த்துக்கொள்வார்கள் என்றெல்லாம் கேட்பது அவமதிப்பு ஆகாது. சிறிய டெரியர்கள் 12 முதல் 15 ஆண்டுகள் வரை, சில அதற்கு மேலும் வாழக்கூடியவை. ஏற்கெனவே ஒரு வீட்டை இழந்து வந்த நாயை, குரைக்கிறது, செடியைத் தோண்டுகிறது என்று இன்னொரு முறை திருப்பி அனுப்புவது எவ்வளவு பெரிய கொடுமை!

அமைப்பினருக்கும் கடமை உண்டு. நாயைத் தற்காலிகமாக வைத்துப் பராமரித்த குடும்பத்தினர் கண்டறிந்த குறைகளை, தத்துப்போகாதோ என்ற பயத்தில் மறைக்கக்கூடாது. தடுப்பூசி, கருத்தடை விவரங்களுடன், சிறிய நாய்களுக்கு அதிகம் வரும் பல் நோய், முழங்கால் சில்லு விலகல் பற்றியும், டெரியர் இனங்கள் சிலவற்றில் பரம்பரையாக வந்து பார்வையையே பறிக்கக்கூடிய கண்வில்லை விலகல் பற்றியும் எடுத்துச்சொல்ல வேண்டும். ஒத்துவராவிட்டால் நாயைத் தங்களிடமே ஒப்படைக்க வேண்டும் என்று நல்ல அமைப்புகள் எழுதி வாங்குகின்றன; அந்த நிபந்தனையை எல்லா அமைப்புகளும் பின்பற்றினால் நல்லது.

தத்தெடுப்பவர்களிடம் நான் வேண்டுவது பொறுமை ஒன்றைத்தான். முதல் சில நாட்கள் நாய் கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கலாம், சாப்பிட மறுக்கலாம். அதைப் பார்த்துவிட்டு, இதற்கு நம்மைப் பிடிக்கவில்லை என்று முடிவுகட்டிவிடுகிறவர்கள் உண்டு. புதிய வீட்டில் முழுதாக வேரூன்றப் பல நாய்களுக்கு மூன்று மாதங்கள்கூட ஆகின்றன. அதுவரை வெளியே செல்லும்போது கழுத்துப்பட்டையை மட்டும் நம்பாமல், மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டையையும் போட்டு, வாரைக் கையில் இறுகப் பிடித்திருக்க வேண்டும். மிரண்டு ஓடும் டெரியரைத் துரத்திப் பிடிப்பது மிகவும் கடினம்.

அந்த வாசகர் மனம் தளராமல் அதே அமைப்பை மீண்டும் அணுக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். துள்ளும் வயதைக் கடந்த டெரியர்களும் அங்கே இருக்கக்கூடும். குட்டிதான் வேண்டும் என்று நில்லாமல், தம் வீட்டுக்கு ஒத்துவரும் குணமுள்ள நாய் எது என்று அவர்களிடமே அவர் கேட்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்