தம்பி, அம்மாவைத் தூக்கிவிடாதே

அன்புள்ள தம்பி,

உன் அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் நீ அவரைப் பார்த்துக்கொள்ளும் விதத்தை ஆயிர் ஈத்தாமில் உங்கள் பிளாட்டே மெச்சிப் பேசுகிறது. சாப்பாடு கட்டிலுக்கே வருகிறது. எழ வேண்டுமென்றால் நீயே அக்குளில் கைகொடுத்துத் தூக்கிவிடுகிறாய். போதாததற்குப் பணிப்பெண்ணும் தேடிக்கொண்டிருக்கிறாய். எல்லாம் பாசம்தான். ஆனாலும் வீடு வீடாகப் போய் பிசியோ, அதாவது உடலியக்கச் சிகிச்சை, செய்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன்: இப்படியே போனால் அம்மா நடப்பதை மறந்துவிடுவார். உன்னைப் போன்ற பிள்ளைகள் பினாங்கில் நிறைய பேர் இருப்பதால், உன்னிடம் கேட்டுக்கொண்டு இதை எல்லாரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

விழுந்து உடைந்த இடுப்பெலும்பில் ஆணி வைத்தாகிவிட்டது, காலில் முழு எடையையும் ஊன்றலாம் என்று டாக்டரே எழுதிக் கொடுத்திருக்கிறார். எலும்பு கூடிவரும். என் கவலையெல்லாம் தசையைப் பற்றித்தான். நல்ல ஆரோக்கியமாக இருந்த முதியவர்களை 10 நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்துவிட்டது. அம்மாவோ விழுந்து, அறுவை சிகிச்சையும் முடிந்து வந்திருக்கிறார்.

அதனால் முதலில் நாற்காலியிலிருந்து எழுவதைப் பார்ப்போம். உங்கள் சோபா ரொம்பத் தாழ்வு, அது வேண்டாம். கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடு. அம்மா அதன் விளிம்புக்கு நகர்ந்து வரட்டும். பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொள்ளட்டும். மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் சாய்ந்து, கைப்பிடியை அழுத்தி எழட்டும். வாக்கரைப் பிடித்து இழுத்து எழக்கூடாது, அது கவிழ்ந்துவிடும். நீ பக்கத்தில் நில், கையை மட்டும் கொடுக்காதே. அம்மா முனகுவார், நேரமாகும். அந்த நேரத்தைப் பொறுத்துக்கொள்வதுதான் உன் வேலை. அக்குளில் தூக்கினால் அவர் தோளும் வலிக்கும், உன் இடுப்பும் போகும்.

இந்தப் பயிற்சியை ஆஸ்பத்திரியில் செய்தால் என்ன என்று கேட்டாய். அங்கேயும் நல்ல பயிற்சிதான் தருகிறார்கள். ஆனால் வண்டி பிடித்துப் போய், காத்திருந்து, திரும்பி வருவதற்குள் அவருக்குப் பாதி நாள் போய்விடும், அசந்துபோவார். அங்கே தரை சமமாக, காய்ந்து இருக்கும். உங்கள் குளியலறை வாசலிலோ ஒரு திட்டு. அதைத் தாண்டினால் எப்போதும் ஈரமான டைல்ஸ். அம்மா விழுந்ததே அங்கேதான். அந்தத் திட்டைத் தாண்டிப் பழக வேண்டுமென்றால் அந்தத் திட்டிலேயே பழக வேண்டும். லிப்ட் நிற்காத அந்த ஒரு மாடிப் படியும் அப்படித்தான்: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில்.

வீட்டுப் பயிற்சியால் என்ன பெரிதாக ஆகிவிடும் என்று உன் அண்ணன் கேட்டாராம். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் முதியவர்களுக்காகவே ஒரு வீட்டுப் பயிற்சி முறையை உருவாக்கினார்கள். கால் பலம், சமநிலை, நடை, அவ்வளவுதான். அதைச் செய்தவர்கள் கீழே விழுவது சுமார் 35 விழுக்காடு குறைந்தது. அண்ணனிடம் சொல்.

அம்மாவிடம் என்ன ஆசை என்று கேட்டபோது, வெள்ளிக்கிழமை விளக்கைத் தானே ஏற்ற வேண்டும் என்றார். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படியையும் ஏறியவர் அவர் என்று நீதான் சொன்னாய். இப்போதைக்குச் சாமி மேடை வரை போதும். எண்ணெய் ஊற்றித் திரி போடும் நேரம் முழுக்க நிற்க வேண்டும், ஒரு கையை வாக்கரிலிருந்து எடுக்க வேண்டும். நான் எழுதிக் கொடுக்கும் எந்தப் பயிற்சியையும் விட அவர் இதை மனசார செய்வார். பணிப்பெண் வந்தாலும் விளக்கு வேலையில் மட்டும் கைவைக்க வேண்டாம் என்று சொல்லிவிடு.

செலவைப் பற்றியும் கேட்டாய். அரசாங்க கிளினிக்குகள் சிலவற்றில் டொமிசிலியரி என்று வீட்டுக்கே வந்து பார்க்கும் சேவை உண்டு. உங்கள் வட்டாரத்தில் இருக்கிறதா, அம்மாவுக்குப் பொருந்துமா என்று கேட்டுப் பார். நான் வருவது அதற்கு மேல் தேவைப்பட்டால் போதும். வேறு யாரையாவது வைத்துக்கொண்டாலும் சரி, பிசியோ போன்ற துணைச் சுகாதாரத் தொழில்களுக்கான 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிந்தவரா என்று பார்த்துக்கொள்.

காலையில் எழுந்ததும் கட்டில் விளிம்பில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் அம்மா நிற்க வேண்டும், இல்லாவிட்டால் தலை சுற்றும். கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ எனக்குப் போன் போட்டுக்கொண்டிருக்காதே, நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ.

குளியலறைக் கைப்பிடிக்குச் சுவரைத் துளைக்க ஆள் வருகிறார் என்றாயே, சற்றுப் பொறு. அடுத்த முறை வரும்போது அம்மாவை அங்கே உட்கார்ந்து எழச் சொல்லி, அவர் கை தானாக எங்கே போகிறதோ அங்கே பென்சிலால் குறித்துத் தருகிறேன். அதுவரை டவல் கம்பியைப் பிடிக்க விடாதே, அது எடை தாங்காது.

அன்புடன்,
அக்கா