ரைட்டிங்கில் ஆறு வாங்கிய என் மகளுக்கு

கண்ணு,

சாப்பிட்டாயா? ஐயெல்ட்ஸ் இங்கிலீஷ் பரீட்சை ரிசல்ட் வந்து எட்டு நாளாச்சு, என்னிடம் மட்டும் நீ சொல்லவில்லை. அப்பாதான் 'ரைட்டிங் ஆறாம்' என்றார். ஸ்பீக்கிங்கில் ஏழரை, அதை மேலத்தெரு வரைக்கும் சொல்லிவிட்டு வந்தேன். நீ என்னிடம் மறைக்க வேண்டியதில்லை சாமி, இருபத்தாறு வருஷம் இங்கிலீஷ் பாடம் எடுத்தவளிடம் கேட்டால் என்ன குறைந்துவிடும்?

மறுபடி எழுதுவாய் என்று நினைத்துச் சொல்கிறேன். முதல் கேள்வியின் கிராஃபுக்கு 20 நிமிடத்துக்கு மேல் கொடுக்காதே, இரண்டாவது கட்டுரைக்குத்தான் இரண்டு மடங்கு மதிப்பு, அதற்கு 40 நிமிடம் வேண்டும். இரண்டு தரப்பையும் பேசி உன் கருத்தையும் சொல் என்று கேட்டிருந்தால், எழுதுமுன் எதை எதோடு வைத்துப் பார்க்கப் போகிறாய் என்று குறித்துக்கொள். வீட்டிலிருந்து வேலை பார்ப்பதற்குச் செலவைச் சொன்னால், ஆபீஸ் போவதற்கும் செலவைத்தான் சொல்ல வேண்டும். இதற்குச் செலவு, அதற்குத் தூக்கம் என்று எழுதினால் அது ஒப்பீடே இல்லை, நடுவில் எத்தனை 'whereas' போட்டாலும் ஒட்டாது. உன் கருத்தை விட்டுவிடாதே, நிறைய பேர் அங்கேதான் விடுகிறார்கள். நேரம் பார்த்து எழுது. காலையில் சாப்பிட்டுவிட்டுப் போ.

அப்புறம், மனப்பாடப் பத்தி வேண்டாம். திருத்துகிறவர்களுக்குத் தெரிந்துவிடும், மார்க்கும் குறையும்.

இதை நான் சொல்லலாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். ஒன்பதாவதில் 'கிராமமும் நகரமும்' கட்டுரைக்கு நீ நோட்ஸைப் பார்க்காமல், என்னைப் பெற்ற அமுச்சி வீட்டில் வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர் கொடுப்பார்கள், அப்பத்தா வீட்டில் முதலில் யாரென்று கேட்பார்கள் என்று எழுதினாய். நான் சிவப்பு மையில் குறுக்கே கோடு போட்டு, நோட்ஸை ஐந்து தடவை எழுத வைத்தேன். மார்க் போய்விடும் என்று உன்னிடம் சொன்னேன். மார்க் இல்லை கண்ணு, உன் அப்பா படித்துவிடுவாரே என்று பயந்தேன். அதற்கப்புறம் நீ சொந்தமாக ஒரு வரி எழுதி என்னிடம் காட்டியதே இல்லை.

அந்த நோட்டு பரணில் இருந்தது, நேற்று இறக்கினேன். கோட்டுக்கு அடியில் உன் எழுத்து நன்றாகவே தெரிகிறது. போட்டோ எடுத்து அனுப்பட்டுமா? ஞாயிற்றுக்கிழமை போனை எடு.

அம்மா