எங்கள் வீட்டில் நான்கு வாக்குகள்

மேற்கு லண்டனின் அக்ஸ்பிரிட்ஜ் - சவுத் ரைஸ்லிப் தொகுதியில் 2023 யூலையில் நடந்த பாராளுமன்ற இடைத்தேர்தலில் எங்கள் தெருவுக்கு வாக்குக் கேட்டு வந்த கட்சிகளின் பரப்புரைப் பொறுப்பாளர்களுக்கும், அவர்களைக் கூட்டி வந்த எங்கள் சமூகப் பெரியவர்களுக்கும்,

வணக்கம்.

தேர்தல் முடிந்து முடிவும் வந்துவிட்டது. எங்கள் எம்பியாக இருந்த முன்னாள் பிரதமர் பொரிஸ் ஜோன்சன் ஏன் விலகினார், புகை கூடிய பழைய வாகனங்களுக்கு லண்டனில் அறவிடும் யூலெஸ் கட்டணம் இந்தத் தொகுதியை என்ன பாடு படுத்தியது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். 17 பேர் நின்றார்கள், 495 வாக்கு வித்தியாசத்தில் ஒருவர் வென்றார். அதைப் பற்றி எழுத நான் வரவில்லை. எங்கள் வீட்டு வாசலில் நடந்த ஒரு விடயத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். எந்தக் கட்சி என்று சொல்லப்போவதில்லை. வந்தவர்களுக்குத் தெரியும்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் மூன்று பேர் வந்தீர்கள். கதவைத் திறந்தது அம்மா. ரொட்டிக்கு மா குழைத்துக்கொண்டிருந்தவர், ஒரு கையால் கதவைப் பிடித்தபடி மற்றக் கையைத் தள்ளி வைத்துக்கொண்டு நின்றார். உங்களில் ஒருவர் தமிழர், எங்களுக்குத் தெரிந்தவர். "ஐயா நிக்கிறாரோ?" என்று கேட்டார்.

"அவர் கடைக்குப் போட்டார். என்ன விசயம்?"

"எலெக்‌ஷன் விசயம்தான் அக்கா. அவர் வந்தாப் பிறகு வாறம்."

நான் மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் கையிலிருந்த தாளில் எங்கள் வீட்டின் நான்கு பெயர்களும் இருந்தன. அம்மாவின் பெயரும் அதில் இருந்தது. இலங்கைக் கடவுச்சீட்டோடு இருந்தாலும், பொதுநலவாய நாட்டுப் பிரஜை என்ற வகையில் இங்கே வாக்களிக்கும் உரிமை உள்ளவர் அவர். அந்தப் பெயருக்குரிய ஆள் உங்கள் முன்னால் நின்றுகொண்டிருந்தார். அவரிடம் கேட்பதற்கு உங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் அவரிடம் உங்களைக் கேட்க ஒரு கேள்வி இருந்தது. ஹில்லிங்டன் ஆஸ்பத்திரிக்குப் புதுக் கட்டடம் எப்போது எழும்பும் என்பதுதான் அது. முழங்கால் வலியோடு அங்கே போய்க் காத்திருந்து காத்திருந்து எழுந்த கேள்வி. வாயைத் திறப்பதற்குள் நீங்கள் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டீர்கள்.

இரவு எட்டு மணிக்குத் திரும்பி வந்தீர்கள். அப்பா இருந்தார். உள்ளே கூப்பிட்டு இருத்தி, அம்மா தேத்தண்ணீர் கொண்டு வந்து வைத்தார். அப்புறம் அப்பா சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது: "எங்கட வீட்டு நாலும் உங்களுக்குத்தான் அண்ணை, யோசியாதேங்கோ." நீங்கள் பேனாவை எடுத்து நான்கு பெயருக்கும் நேரே அடையாளம் போட்டீர்கள். அம்மா தட்டோடு பக்கத்தில்தான் நின்றார். ஒருவர்கூட நிமிர்ந்து அவரைப் பார்க்கவில்லை.

அப்பாவில் எனக்குக் கோபம் இல்லை. 1994இல் வந்து இறங்கியபோது அவருக்குப் பெற்றோல் நிலையத்தில் முதல் வேலை எடுத்துக் கொடுத்தவர், உங்களோடு வந்த அந்தத் தமிழ் அண்ணை. 2009 சித்திரையில் பாராளுமன்றச் சதுக்கத்தில் நாங்கள் குளிரில் நின்ற நாட்களில் சாப்பாடு கொண்டு வந்து தந்தவரும் அவர்தான். அவர் வீடு தேடி வந்து கேட்டால் அப்பாவால் இல்லை என்று சொல்ல முடியாது. எங்கள் ஆட்களின் அரசியல் விசுவாசம் பாதிக்கு மேல் இப்படி நன்றிக்கடனில் வந்ததுதான். அதை நான் மதிக்கிறேன். ஆனால் அது அப்பாவின் கடன். அவருடைய ஒரு வாக்கால் அவர் தீர்க்கலாம். அம்மாவின் வாக்கையும் தம்பியின் வாக்கையும் என்னுடையதையும் சேர்த்துக் கொடுக்க அவருக்கு உரிமை இல்லை, அதை வாங்கிக்கொள்ள உங்களுக்கும் இல்லை.

அந்த நான்கு பேரும் ஒரே மாதிரி யோசிக்கிறவர்கள் என்று எப்படி நினைத்தீர்கள்? அப்பாவின் டீசல் வான் பழையது. 2023 ஆகஸ்ட் 29இல் இருந்து அதை வெளியில் எடுக்கும் ஒவ்வொரு நாளும் யூலெஸ் கட்டணம் 12 பவுண் 50 பென்ஸ். தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. காற்று சுத்தமாக வேண்டும் என்று அவன் அப்பாவோடு சாப்பாட்டு மேசையில் சண்டை பிடிக்காத நாள் இல்லை. எனக்கு வீட்டு வாடகைப் பிரச்சினை. அம்மாவுக்கு ஆஸ்பத்திரி. இந்த நான்கையும் நீங்கள் ஒரே பேனா இழுப்பில் முடித்துவிட்டீர்கள்.

வாக்களிப்பு நாளன்று நடந்ததையும் சொல்லவேண்டும். படத்தோடு அடையாள அட்டை காட்டவேண்டும் என்ற புது விதி எங்களுக்கு இதுதான் முதல் முறை. அம்மா கடவுச்சீட்டைக் கைக்குட்டையில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வேலை முடிந்து நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனார். வாக்குப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது வாசலில் அதே அண்ணை, சட்டையில் கட்சி றிபனோடு. "அக்கா, சொன்ன மாதிரித்தானே?"

அம்மா "ஓம்" என்றார்.

வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னார்: "உள்ளுக்க நிம்மதியாப் போட்டன் பிள்ளை. வெளியில வந்து அவருக்கு ஓம் எண்டு சொல்ல வேண்டி வந்திட்டுது. அதுதான் ஒரு மாதிரிக் கிடக்கு." யாருக்குப் போட்டார் என்று நான் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

கட்சி ஆட்கள் வாசலில் நின்று வாக்காளர் எண்ணைக் கேட்பது வழக்கம். அதற்குக்கூடப் பதில் சொல்லவேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. அந்த இடத்தில் நின்றுகொண்டு அம்மாவிடம் இந்தக் கேள்வியைக் கேட்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

இந்த நாட்டின் பாராளுமன்றத் தேர்தல்களில் இரகசிய வாக்களிப்பு முதன்முதலில் நடந்ததே ஓர் இடைத்தேர்தலில்தான். 1872 ஆகஸ்ட் 15, பொண்டிஃப்ராக்ட். அதற்கு முன்னால் எல்லார் முன்னிலையிலும் பெயரைச் சொல்லித்தான் வாக்குப் போடவேண்டும், நில உரிமையாளரும் முதலாளியும் கேட்டுக்கொண்டு நிற்பார்கள். அவர்களுடைய கண்ணிலிருந்து குடியானவனைக் காப்பாற்ற வந்த பெட்டி அது. அந்த ஊரில் செய்யும் அதிமதுர இனிப்பின் முத்திரையால் அதற்கு அரக்குச் சீல் வைத்தார்கள். 151 வருடம் கழித்து, பெட்டி பத்திரமாகத்தான் இருக்கிறது. பெட்டிக்கு முன்னாலும் பின்னாலும் நீங்கள் நிற்கிறீர்கள். 2023 மே மாதம்கூட, வாக்குச் சாவடிக்குள் இன்னொருவரின் வாக்கை மாற்றும் எண்ணத்தோடு கூடப் போவதும் பக்கத்தில் நிற்பதும் குற்றம் என்று பாராளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. எங்கள் வீட்டு விறாந்தைக்குச் சட்டம் வராது. அங்கே உங்கள் மனச்சாட்சிதான் வரவேண்டும்.

பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடிய காலத்தில், மனைவி எப்படியும் கணவன் சொல்லும் ஆளுக்குத்தானே போடுவாள், பிறகு எதற்கு இரண்டு வாக்கு என்று கேட்டவர்கள் இருந்தார்கள். 1928இல் இந்த நாட்டில் அந்த வாதம் முடிந்தது. எங்கள் இலங்கையில் 1931இலேயே பெண்களுக்கு வாக்குப் போடும் உரிமை வந்துவிட்டது. நீங்கள் மட்டும் இன்னும் "ஐயா நிக்கிறாரோ" என்று கேட்கிறீர்கள்.

இது தமிழர் வீட்டுக் கதை மட்டும் இல்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். பிராட்ஃபோர்டில் பாகிஸ்தானியக் குடும்பங்களிடையே உள்ள குலக்கட்டைப் பிராதரி என்று சொல்வார்கள். குலப் பெரியவர் ஒரு வார்த்தை சொன்னால் நூற்றுக்கணக்கான வாக்கு வரும் என்று கட்சிகள் பல காலம் அதை நம்பியிருந்தன. 2012 பிராட்ஃபோர்ட் வெஸ்ட் இடைத்தேர்தலில் இளையவர்களும் பெண்களும் அந்தச் சொல்லைக் கேட்கவில்லை. தொழிற்கட்சி தன் கோட்டை என்று நினைத்த தொகுதியை ரெஸ்பெக்ட் என்ற சிறிய கட்சியின் ஜோர்ஜ் கலொவே 10,140 வாக்கு வித்தியாசத்தில் எடுத்துக்கொண்டு போனார். கலொவேயை நான் கொண்டாடவில்லை. கேட்கப்படாதவர்கள் ஒருநாள் தாங்களாகவே பேசுவார்கள் என்பதற்குச் சொல்கிறேன். இங்கே 495 வாக்கு என்பது, எங்கள் வீடு மாதிரி நான்கு வாக்குள்ள வீடுகளாகப் பார்த்தால் 124 வீடு. அத்தனை வீட்டுக் கதவையும் ஒரு பெண் திறந்திருக்கக்கூடும்.

தைப்பொங்கலுக்கு வேட்டி கட்டிக்கொண்டு வருகிறீர்கள், கோயிலில் மாலை போட்டுக்கொள்கிறீர்கள், மே 18இல் மெழுகுதிரி பிடிக்கிறீர்கள். வாருங்கள், சந்தோசம்தான். ஆனால் அந்தக் கூட்டங்களில் மேடையில் இருக்கும் பத்துப் பேரோடு கை குலுக்கிவிட்டுத் "தமிழ் வாக்கு" கிடைத்துவிட்டது என்று போகிறீர்கள். எங்கள் பெரியவர்களும் அதைத் தங்கள் சட்டைப்பைக்குள் இருக்கும் சாமான் மாதிரி எடுத்துக் கொடுக்கிறார்கள். முப்பது வருடமாக இந்த ஊரில் ஆஸ்பத்திரி கழுவி, முதியோர் இல்லங்களில் இரவு வேலை செய்து, பிள்ளைகளைப் படிப்பித்த பெண்களின் வாக்கு யாருடைய சட்டைப்பையிலும் இல்லை.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். மன்னிக்கவேண்டும். கேட்க வந்தது சின்ன விடயம்தான். கதவைத் திறக்கிறவரிடம் அவருடைய பெயரைச் சொல்லி, அவருடைய வாக்கைக் கேளுங்கள். ஒருவர் சொல்லி நான்கு பெயருக்கு அடையாளம் போடாதீர்கள். வாக்குப் போட்டுவிட்டு வருகிறவரிடம் யாருக்கு என்று, எந்த விதமாகவும், எவ்வளவு உரிமையோடும் கேட்காதீர்கள்.

அண்ணை, இது உங்களுக்கும்தான். உங்களில் எனக்கு மரியாதை குறையவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மா பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு வீட்டில் நிற்பார். ஆஸ்பத்திரிக் கட்டடத்தைப் பற்றிய அவருடைய கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது. யாராவது வந்து பதில் சொன்னால் நன்றி.

இப்படிக்கு,
அந்தத் தாளில் மூன்றாவது பெயருக்குரியவள்