ஆடுகிற ஸ்டியரிங்கோடு மெட்டு ஏறாதீர்கள்

போடி, தேவாரம், கோம்பைப் பக்கமிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் முதலாளிமார்களுக்கும், அந்த வண்டிகளை ஓட்டும் தம்பிகளுக்கும்,

வணக்கம். 30 வருடத்துக்கு மேல் ஜீப்புக்கு அடியில் படுத்துக் கிடந்தவன் எழுதுகிறேன். இப்போது முதுகு சொன்னபடி கேட்பதில்லை. பட்டறையை மகனிடம் விட்டுவிட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். சும்மா உட்கார்ந்திருப்பவனுக்குக் காது நன்றாகக் கேட்கும். போன மாதம் மட்டும் நாலு பேர் வந்து ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டுப் போனார்கள். "அண்ணே, முந்தல் ரோட்டுல அம்பதைத் தொட்டா ஸ்டியரிங் ஆடுது. டேம்பர் ஒண்ணு மாட்டிரலாமா?" டேம்பர் என்பது ஸ்டியரிங் ஆட்டத்தை அமுக்கிப் பிடிக்கும் ஷாக் அப்சார்பர். நாலு பேரிடமும் முதலாளி சொல்லி அனுப்பிய வைத்தியம் ஏற்கெனவே இருந்தது. "நாப்பதுக்கு மேல போகாத, ஆடாது."

ஆடாதுதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் உங்கள் வண்டி எங்கே போகிறது என்று யோசியுங்கள். முந்தல் தாண்டினால் போடிமெட்டு வரைக்கும் 17 கொண்டை ஊசி வளைவு. அங்கே 20க்கு மேல் யாரும் போவதில்லை. முழு லோடோடு, மெதுவாக, ஸ்டியரிங்கைக் கடைசி வரை ஒடித்துத் திருப்புகிற இடம் அது. இரண்டு முன் சக்கரத்தையும் இணைக்கும் டை ராடின் முனைக்கும் (டை ராடு என்ட்), ஸ்டியரிங் பாக்ஸின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டு போகும் டிராக் லிங்க்குக்கும் அதிக இழுவிசை விழுவது இப்படி மெதுவாக ஒடிக்கும்போதுதான். தேய்ந்த பால் ஜாயின்டில் குமிழ் தன் கிண்ணத்தை விட்டுக் கழன்று வருவதென்றால் இங்கேதான் வரும். நேர்ரோட்டில் வந்த ஆட்டம் வண்டி உங்களுக்குக் கொடுத்த தகவல். வேகத்தைக் குறைத்து அந்தத் தகவலை நிறுத்திவிட்டு, லூசான ஜாயின்டோடு 15 பொம்பளைகளை ஏற்றிக்கொண்டு மேலே போகிறீர்கள்.

ஆட்டம் ஏன் வருகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். நம்முடைய மஹிந்திரா ஜீப், அது எம்எம் 540 ஆகட்டும், மேஜர் ஆகட்டும், அடிப்படையில் வில்லிஸ் காலத்து அமைப்பு. முன்னால் ஒரே முழு ஆக்சில், அதன் கீழோ மேலோ பட்டை, அதாவது லீஃப் ஸ்பிரிங். கார் மாதிரி ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்காது. இடது சக்கரம் குழியில் விழுந்தால் ஆக்சிலே சாய்கிறது, வலது சக்கரமும் சேர்ந்து சாய்கிறது. சைக்கிள் சக்கரத்தைக் கழற்றி, அச்சின் இரண்டு முனையையும் கையில் பிடித்துக்கொண்டு, யாரையாவது வேகமாகச் சுற்றிவிடச் சொல்லுங்கள். அப்புறம் அதைப் பக்கவாட்டில் சாய்த்துப் பாருங்கள். நீங்கள் சாய்த்த பக்கம் மட்டும் போகாமல் கையை முறுக்கிக்கொண்டு திரும்பப் பார்க்கும். ஜீப் சக்கரமும் அப்படியே. சாய்ந்த உடனே திரும்பப் பார்க்கிறது. எல்லா ஜாயின்டும் இறுக்கமாக இருந்தால் அந்த எண்ணம் அங்கேயே அடங்கிவிடும். எங்காவது ஒரு மில்லிமீட்டர் இடம் இருந்தால், சக்கரம் அந்த இடம் வரை ஓடி, முட்டி, டயர் ரப்பரின் துள்ளலில் எதிர்ப்பக்கம் ஓடும். டை ராடு மறு சக்கரத்தையும் இழுத்துக்கொண்டு ஓடும். ஒரு வேகத்தில் இந்த ஓட்டம் தானே தன்னை வளர்த்துக்கொள்கிறது. அப்புறம் வண்டி ஏறக்குறைய நிற்கும் வரைக்கும் விடாது.

அது பிடித்துக்கொண்டால் தம்பிகளே, பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். ஆக்சிலேட்டரை விட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, மெல்ல வேகம் குறைய விடுங்கள். கட்டைவிரல் ஸ்டியரிங் கம்பிக்கு உள்ளே இருக்கக் கூடாது, வெளி வளையத்தின் மேலேயே இருக்கட்டும். என்னுடைய வலது கட்டைவிரல் இன்றைக்கும் முழுதாக மடங்காது. பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டி கல்லில் ஏறித் திருப்பி அடித்தது.

எல்லா ஆட்டமும் ஒரே நோய் கிடையாது. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஸ்டியரிங் மெலிதாக நடுங்கி, அந்த வேகம் தாண்டினால் நின்றுவிடுகிறது என்றால், பெரும்பாலும் டயர் பேலன்ஸ், அல்லது ரிம் வளைந்திருக்கிறது, அல்லது ரீசோல் டயர் ஒரு பக்கம் பருத்திருக்கிறது. முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, டயருக்குப் பக்கத்தில் ஒரு சாக்பீஸை அசையாமல் பிடித்தால் அரை நிமிடத்தில் தெரியும். பிரேக் பிடிக்கும்போது மட்டும் ஆடினால் டிரம்மைப் பாருங்கள், ஆக்சிலைப் பட்டையோடு கட்டும் யூ போல்டையும் பாருங்கள். ஆடாமல், நேராகவும் போகாமல் ரோடு முழுக்க அலைந்தால் அது வேறு கதை. அதைப் பின்னால் சொல்கிறேன். குழியில் விழுந்த மறுநொடி ஆரம்பித்து நிற்காமல் உதறுகிறதே, அந்த ஆட்டத்துக்குத்தான் ஜாயின்ட் ஜாயின்டாகத் தேட வேண்டும்.

தேடுவதில் நம் ஆட்கள் செய்கிற முதல் தப்பு, வந்ததும் ஜாக்கி போடுவது. வேண்டாம். வண்டி நாலு காலில், தன் எடையோடு நிற்கட்டும். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கை இடமும் வலமும் கால் சுற்றுக்குள் சட்சட்டென்று ஆட்ட வேண்டும். இன்னொருவர் கீழே படுத்து, ஸ்டியரிங் பாக்ஸில் ஆரம்பித்து ஒவ்வொரு இணைப்பாகக் கை வைத்துக்கொண்டே போக வேண்டும். கண்ணை விடக் கை நம்பகமானது. இரண்டு பாகமும் சேரும் இடத்தில் உள்ளங்கையைப் பொத்தி வைத்தால், முதல் பாகம் நகர்ந்த பிறகு தாமதித்து இரண்டாவது நகர்வது கையில் 'டக்'கென்று தெரியும். பாக்ஸிலிருந்து தொங்கும் டிராப் ஆர்ம், டிராக் லிங்கின் இரண்டு முனை, டை ராடின் இரண்டு முனை. பழைய சிஜே3பி மாதிரி வண்டியென்றால் நடுவில் ஒரு பெல் கிராங்க் இருக்கும். அதன் பின்னும் பேரிங்கும் தேய்வதற்கென்றே பிறந்தவை. அதை விட்டுவிடாதீர்கள்.

இந்த இடத்தில் ஒரு வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். யார் வண்டி என்பது வேண்டாம். ஒரே வருடத்தில் டை ராடு என்ட் இரண்டு முறை மாற்றி, அலைன்மென்ட் பார்த்து, டேம்பரும் மாட்டி, கடைசியில் என்னிடம் வந்தது. நானும் ஜாயின்ட் எல்லாம் தொட்டுப் பார்த்தேன். புதுசு, கல் மாதிரி இருந்தது. வெறுத்துப்போய் எழுந்திருக்கும்போது டார்ச் வெளிச்சம் ஸ்டியரிங் பாக்ஸ் உட்காரும் சேஸ் மேல் விழுந்தது. போல்டின் தலைக்குக் கீழே செங்கல் நிறத்தில் ஒரு கோடு. மழைத்தண்ணீர் வழிந்த துரு மாதிரித்தான் இருந்தது. விரலால் தொட்டால் குங்குமம் மாதிரித் தூளாக ஒட்டியது. இறுக்கமாக இருக்க வேண்டிய இரண்டு இரும்பு ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருந்தால்தான் அந்தத் தூள் வரும். பையனை ஸ்டியரிங்கை ஆட்டச் சொன்னேன். டிராப் ஆர்ம் நகர்வதற்கு முன்னால் பாக்ஸே நகர்ந்தது. போல்ட் ஓட்டை முட்டை வடிவமாகியிருந்தது, அதிலிருந்து சேஸில் ஒரு முடி விரிசல் ஓடியிருந்தது. டேம்பர் மாட்டியிருந்ததால் ஆறு மாதமாக ஆட்டம் அடங்கி இருந்திருக்கிறது, விரிசல் மட்டும் வளர்ந்திருக்கிறது. அன்றிலிருந்து எந்த வண்டிக்கு அடியில் படுத்தாலும் முதலில் அந்தக் குங்குமத்தைத்தான் தேடுவேன். யூ போல்டுக்குக் கீழே, பட்டைத் தொங்கல் பிராக்கெட்டில், பட்டை முனையைச் சேஸோடு இணைக்கும் ஷேக்கிளின் பின்னில், எங்கே அந்த நிறம் தெரிகிறதோ அங்கே ஏதோ அசைகிறது.

அதற்குப் பிறகுதான் ஜாக்கி. பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, முன் ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்ட் வைத்து, டயரை மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் உடனே "வீல் பேரிங்" என்று சொல்லிவிடாதீர்கள். ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி அசையுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் போய்விட்டால் வீல் பேரிங். பிடித்தும் ஆடினால் கிங்பின், அதாவது சக்கரம் இடம் வலம் திரும்புகிற அச்சு. ரோட்டோரத்தில், பைசா செலவில்லாமல், இதை விட நல்ல சோதனை எனக்குத் தெரியாது. இடது வலதாகப் பிடித்து ஆட்டினால் டை ராடும் பாக்ஸும் பேசும்.

நம் ஃபோர் வீல் வண்டிகளில் அதிகம் புறக்கணிக்கப்படுவது கிங்பின்தான். மேலும் கீழும் ஒவ்வொரு டேப்பர் பேரிங், மூடிக்கு அடியில் மெல்லிய சிம் தகடுகள். பேரிங் தேயத் தேய இறுக்கம் குறைகிறது. சிம்மை எடுத்து இறுக்கலாம், ஆனால் எடுப்பதற்கு முன் பேரிங்கைப் பாருங்கள். வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் உருளைகள் ஒரே இடத்தில் குத்திக் குத்தி, கிண்ணத்தில் வரிசையாகப் பள்ளம் போட்டிருக்கும். பள்ளம் விழுந்த பேரிங்கை இறுக்கினால் ஸ்டியரிங் நேரில் வந்து பூட்டிக்கொண்ட மாதிரி நிற்கும். திருப்பினால் வளைவிலிருந்து தானாக மீளாது. அதை மாற்றத்தான் வேண்டும். இறுக்கம் சரியா என்று பார்க்க டை ராடைக் கழற்றி, கிங்பின்னில் திரும்பும், சக்கரத்தைத் தாங்கும் நக்கிளைக் கொக்கித் தராசால் இழுத்துப் பார்ப்பேன். உங்கள் தோட்டத்தில் மூட்டையை மாட்டி நிறுப்பீர்களே, அதே தராசுதான். கம்பெனி கையேடு கையில் இருந்தால் அதில் உள்ள எடைக்கு வையுங்கள். இல்லாவிட்டாலும் இரண்டு பக்கமும் ஒரே எடையில், தடுக்கல் இல்லாமல், வழவழவென்று நகர வேண்டும். ஒரு பக்கம் தராசு இழுக்க, மறுபக்கம் சுண்டுவிரலுக்கே ஓடினால் ஆட்டத்துக்குக் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

இனி அலைகிற வண்டி. முதலாளிமார்களே, இது உங்களுக்கு. ஆள் அதிகம் ஏற்ற வேண்டும் என்று பின்பக்கம் இரண்டு பட்டை கூடுதலாகப் போடச் சொல்கிறீர்கள். போட்டால் காலி வண்டி பின்னால் தூக்கி நிற்கும். எம்எம் 540க்கு முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 91 அங்குலம். பின்பக்கம் 2 அங்குலம் தூக்கினால் முழு வண்டியும் முன்னால் ஒன்றேகால் டிகிரி குனிகிறது, கிங்பினும் கூடவே குனிகிறது. கிங்பின் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் சாய்வைத்தான் கேஸ்டர் என்கிறோம். பழைய வில்லிஸ் வண்டிக்கு அது மொத்தமே 3 டிகிரி. அதில் ஒன்றேகால் போய்விட்டால் சக்கரம் நேராக வர வேண்டும் என்கிற புத்தியை இழந்துவிடும். சாயங்காலம் ஆளை இறக்கிவிட்டுக் காலியாக வரும்போது வண்டி அலைவதற்கு இது ஒரு காரணம். காலையில் நேர்மாறாக, அத்தனை பேரும் பின் ஆக்சிலுக்கு மேலே, நாலு பேர் பின் படியில். முன் சக்கரம் லேசாகி ரோட்டைத் தொட்டும் தொடாமலும் போகும். ஆப்புத் தகடு வைத்துக் கேஸ்டரைச் சரி செய்யலாம். ஆள் எண்ணிக்கையைச் சரி செய்ய என்னிடம் தகடு இல்லை.

ஷேக்கிள் புஷ் பார்க்கக் கடப்பாரை போதும். பட்டைக் கண்ணுக்கும் ஷேக்கிளுக்கும் நடுவே நுழைத்து நெம்பினால் ரப்பர் செத்ததா இருக்கிறதா என்று தெரியும். பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் உடைந்திருந்தால் ஆக்சில் ஒரு பக்கம் பின்னால் நகர்ந்திருக்கும். இரண்டு பக்கமும் சக்கர மையத்துக்கு டேப் பிடித்து அளந்தால் போதும். டோ இன், அதாவது இரண்டு முன் சக்கரமும் முன்பக்கம் லேசாக உள்நோக்கி இருக்கும் அளவு, அதைப் பார்க்கவும் டேப்பே போதும். சக்கரத்தைச் சுற்றிவிட்டு ஆணியால் டயர் நடுவில் ஒரு கோடு கீறி, கீழே இறக்கி வண்டியைக் கொஞ்சம் உருட்டி, அந்தக் கோடுகளுக்கு இடையே முன்னும் பின்னும் அச்சு உயரத்தில் அளங்கள். முன்பக்கம் ஒன்றேகாலிலிருந்து இரண்டரை மில்லிமீட்டருக்குள் குறைவாக இருக்க வேண்டும். எல்லா லூசும் எடுத்த பிறகுதான் இந்த அளவு. லூசோடு அலைன்மென்ட் பார்ப்பது காற்றை அளப்பது மாதிரி.

அகல டயரும் ஸ்பேசரும் பற்றி ஒரே வரி. சக்கரத்தை வெளியே தள்ளினால் ஒவ்வொரு கல்லும் ஸ்டியரிங்கை இழுக்க நீளமான நெம்புகோல் கிடைக்கிறது. பார்க்க அழகு, அவ்வளவுதான்.

நான் கேட்பது பெரிய விஷயம் எதுவும் இல்லை. 8 வருடம் தாண்டிய வாடகை வண்டிக்கு வருடா வருடம் எஃப்சி (தகுதிச் சான்று) வருகிறது. அதற்கு முந்தின வாரம் பெயிண்டுக்கும் ஸ்டிக்கருக்கும் செலவழிக்கிறீர்கள். கிங்பின்னுக்கும் டை ராடுக்கும் முதலில் எடுத்து வையுங்கள், மிஞ்சினால் பெயிண்ட். வாரம் ஒரு முறை நிப்பிள் எல்லாவற்றுக்கும், பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும் வரை கிரீஸ் அடிக்க ஓட்டுநருக்கு நேரம் கொடுங்கள், அந்த நேரத்துக்குக் கூலியும் கொடுங்கள். "இன்னிக்கு ஸ்டியரிங் சரியில்ல, ஏத்தமாட்டேன்" என்று ஒரு தம்பி காலை ஐந்து மணிக்குச் சொன்னால், அவனைப் பயந்தாங்கொள்ளி என்று ஸ்டாண்டில் வைத்துப் பேசாதீர்கள். அவன் கையில் இருப்பது உங்கள் கையில் இல்லை. தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் தூங்கி வழிகிற அக்காக்களுக்கு அது தெரியவே தெரியாது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு என் பட்டறைக்கு முன்னால் புளியமரத்தடியில் ஜாக்கியும், ஸ்டாண்டும், கடப்பாரையும், தராசும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பார்ப்பதற்குக் காசு வேண்டாம். வண்டியையும், ஸ்டியரிங்கை ஆட்ட ஒரு ஆளையும் கொண்டு வாருங்கள். கீழே படுக்க என் மகன் இருக்கிறான்.

இப்படிக்கு,
போடி பழைய பட்டறைக்காரன்