லோடருக்கு ஒரு கழற்றி மாட்டும் கிரேன் கை

பொள்ளாச்சி

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை உறுதியான செய்தியைப் படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். தங்கச்சியிடம் நாங்கள் விசாரித்ததாகச் சொல். அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை, தோட்டம் வரை நடந்து வருகிறார்.

தோப்புதான் மனசைச் சங்கடப்படுத்துகிறது. 2016-இல் இந்தப் பக்கம் முதலில் தென்பட்ட வெள்ளை ஈயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம், அதற்குமேல் வாடல் நோய் வேறு. நோய் முற்றிய மரங்களை வெட்டித்தான் ஆக வேண்டும். அப்பா வைத்த மரங்கள். வெட்டிய அடிமரத்தை எட்டடித் துண்டாகப் போட்டால், பச்சையில் ஒரு துண்டு 200 கிலோவை நெருங்குகிறது. நான்கு பேர் தோள் கொடுத்தாலும் திணறும் பளு, அந்த நான்கு பேரும் கிடைப்பதில்லை. டிராக்டருக்கு முன்னால் மண் அள்ளித் தூக்கும் லோடரில், பக்கெட்டுக்குப் பதிலாக மாட்டிக்கொள்ள கிரேன் மாதிரி ஒரு இரும்புக் கை செய்துகொண்டது இதற்காகத்தான். நீயும் லோடர் வாங்கிவிட்டாய், அதே மாதிரி பத்தடி நீளத்தில் ஒன்று செய்து போர்வெல் மோட்டார் தூக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பத்தடி வேண்டாம். ஐந்தடிக்கு மேல் போகாதே.

காரணம் சொல்கிறேன். என் லோடர் 800 கிலோ தூக்கும் என்கிறார்கள். அது பக்கெட்டை மாட்டும் இரும்பு ஆணி, அதாவது ‘பின்’ (pin), இருக்கிற இடத்தில்தான். லோடர் கை டிராக்டரில் மாட்டியிருக்கும் இடத்திலிருந்து அந்தப் பின் வரை 2.2 மீட்டர். பக்கெட்டைச் சாய்க்கும் சிலிண்டர் லோடர் கையிலேயே பொருத்தியிருப்பதால், நாம் மாட்டும் கிரேன் கையும் லோடர் கையும் ஒரே துண்டாகத்தான் மேலே எழும்பும். அதாவது பின்னுக்கு அப்பால் கூட்டுகிற ஒவ்வொரு அடியும் தூக்கும் திறனைத் தின்றுவிடும். 1.5 மீட்டர் கூட்டினால் மொத்தம் 3.7 மீட்டர், கிரேன் கையின் சொந்த எடை 70 கிலோவையும் கழித்துப் பார்த்தால், நுனியில் 420 கிலோ அளவில் நின்றுவிடுகிறது. இதுவே 3 மீட்டர் கூட்டினால், கையின் எடை கூடுவதையும் சேர்த்தால், 300 கிலோவுக்கும் கீழே வந்துவிடும். நான் கிரேன் கையில் மூன்று இடங்களில் வளையம் வைத்து, பக்கத்திலேயே பெயிண்டில் எழுதியிருக்கிறேன்: அரை மீட்டரில் 500, ஒரு மீட்டரில் 400, நுனியில் 300. கணக்கு இன்னும் கொஞ்சம் இடம் தருகிறது. ஆனால் சுமை தொங்கிக்கொண்டு போகும்போது குலுங்கும், அந்த இடம் அதற்கு வேண்டும்.

சரி, லோடர் தூக்கிவிட்டது என்றே வைத்துக்கொள். டிராக்டர் தாங்க வேண்டுமே. நுனியில் 300 கிலோ தொங்கினால் அது முன் அச்சுக்கு 2.7 மீட்டர் முன்னால் இருக்கிறது. பின் சக்கரத்திலிருந்து 400 கிலோ எடை எழும்பிப்போய், சுமையோடு சேர்ந்து முன் அச்சில் 700 கிலோவாக உட்காரும். கிணற்றுத் துலாவில் பின்பக்கம் கல் கட்டினார்களே, அந்தக் கல் இங்கேயும் வேண்டும். பின் டயரில் தண்ணீர் நிரப்பினால் போதும் என்று பலர் சொல்கிறார்கள். அது பின் சக்கரத்தைத் தரையோடு பிடித்து வைக்கும், ஆனால் முன் அச்சின் பாரத்தை ஒரு கிலோகூடக் குறைக்காது. பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிற எடைதான் முன் அச்சைக் காப்பாற்றும். உழவுக்குப் பின்னால் மாட்டும் ரோட்டாவேட்டரை மாட்டித் தூக்கி வைத்துக்கொண்டால் அதன் 400 கிலோ பின் சக்கரத்துக்கு 600-க்கு மேல் தருகிறது, முன் அச்சிலிருந்து 200-க்கு மேல் இறக்கியும் விடுகிறது. ரோட்டாவேட்டர் இல்லாமல் இந்தக் கையை மாட்டாதே.

இன்னொன்று. டிராக்டரின் முன் அச்சு நடுவில் ஒற்றைப் பின்னில் ஆடுவது. சரிவில், பள்ளத்தில், சுமை பக்கவாட்டில் ஊசலாடினால் வண்டி உண்மையில் மூன்று காலில்தான் நிற்கிறது. அதனால் சுமையை முழங்கால் உயரத்தில் வைத்து, முதல் கியரில், ஒருவர் கயிறு பிடித்துக்கொண்டு வரப் போவதுதான் எங்கள் வழக்கம்.

போர்வெல் விஷயத்துக்கு வருகிறேன். 300 அடி ஆழத்தில் ஒன்றரை அங்குல ஜிஐ பைப் என்றால் பைப் மட்டுமே 300 கிலோவைத் தாண்டும். உள்ளே நிற்கும் தண்ணீர், மோட்டார், கேபிள் எல்லாம் சேர்ந்து 500-க்கு மேல். ஒரு பைப் 20 அடி நீளம். அதை முழுசாக வெளியே இழுத்துக் கழற்றுகிற உயரம் லோடருக்குக் கிடையாது. இதைவிடப் பயம் என்னவென்றால், மோட்டார் உள்ளே சிக்கிக்கொண்டால் இழுக்கிற பளு எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. லோடர் இழுக்கும், பின் சக்கரம் எழும்பும். அந்த வேலைக்கு மூன்று கால் ஸ்டாண்டும் செயின் பிளாக்கும் (சங்கிலி இழுத்துத் தூக்கும் கப்பி) வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களே செய்யட்டும். மரத்துண்டு, வேலிக்குக் கல்தூண், டீசல் இன்ஜின், கிணற்று மேட்டில் இருக்கும் மோனோபிளாக் பம்ப் என்றால் நம் கிரேன் கை போதும்.

அப்புறம் செய்முறை. கைக்கு 100-க்கு 100, 6 மில்லி கனமுள்ள சதுர பைப் எடுத்தேன். பட்டறையில் 80-க்கு 80, 5 மில்லி போதும் என்றார்கள். நிதானமாகத் தூக்கினால் போதும்தான். ஆனால் யாராவது அளவை மீறி 400 கிலோவை நுனியில் தொங்கவிட்டு ஒரு குழியில் இறங்கிக் குலுங்கினால் அந்த பைப்பின் அடிப்பக்கம் மடங்குகிற அளவுக்குப் போய்விடும். நூறு மில்லி பைப்பில் அப்போதும் கிட்டத்தட்ட பாதி தாங்கும் சக்தி மிச்சம் இருக்கும். எடை வித்தியாசம் ஒன்றரை மீட்டருக்கு பத்து கிலோதான். வெல்டிங்குக்கு 7018 ராடு கேள், ஈரம் போகக் காயவைத்துப் போடச் சொல். பைப்பின் மேல் முகத்தில்தான் இழுவிசை முழுவதும் வரும், அங்கே குறுக்கே வெல்டு ஓடவிடாதே. பக்கவாட்டில் முக்கோணப் பிளேட் வைத்து நீளவாக்கில் பிடிக்கட்டும்.

பின் நுழையும் ஓட்டையுள்ள காது பிளேட்டுகளை லோடரிலேயே பின் போட்டு நிறுத்தி, புள்ளி வெல்டு மட்டும் அங்கே வை. பேட்டரி வயரை முதலில் கழற்றிவிடு. பிறகு இறக்கி, நான்கு ஓட்டையிலும் பழைய ஷாஃப்ட் துண்டுகளைச் செருகி வைத்துக்கொண்டே முழு வெல்டு போட வேண்டும். இல்லையென்றால் சூட்டில் இழுத்து ஓட்டைகள் நேர்கோட்டில் நிற்காது, அப்புறம் பின்னைச் சம்மட்டியால் அடித்துத்தான் ஏற்ற வேண்டியிருக்கும்.

அப்படி ஆகக் கூடாது என்பதில்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன். மாட்டுவது கஷ்டமாக இருந்தால் கை கொட்டகையிலேயே கிடக்கும். அவசரத்துக்கு ஆட்கள் பக்கெட் பல்லில் சங்கிலியைச் சுற்றித் தூக்குவார்கள். பக்கெட் கொஞ்சம் கவிழ்ந்தாலும் சங்கிலி வழுக்கிவிடும். அதனால் ஆங்கிளில் ஒரு ஸ்டாண்டு செய்தேன். கை அதன்மேல், லோடரில் பின் நுழையும் ஓட்டைகள் வந்து நிற்கும் உயரத்திலேயே நிற்கிறது. பக்கெட்டைச் சமதரையில் விட்டு, டிராக்டரை நேராக உள்ளே ஓட்டி, முதலில் கீழ்ப் பின்கள் இரண்டு, பிறகு சிலிண்டரை மெல்ல நீட்டி மேல் பின்கள். அவை கழன்று வராமல் லிஞ்ச் பின் போட்டால் முடிந்தது. பையன் ஒருத்தனே மாட்டிவிடுகிறான்.

சங்கிலியில் மட்டும் மிச்சம் பிடிக்காதே. வேலிக்கேட்டுச் சங்கிலி இதற்கு ஆகாது. கிரேடு 80 என்று முத்திரை உள்ள 8 மில்லி சங்கிலி 2 டன் தாங்கும், தாராளம். கொக்கிக்கு, சங்கிலி நழுவாமல் மூடும் நாக்கு இருக்க வேண்டும். எண்ணெய் ஹோஸ் வெடித்தால் லோடர் அப்படியே தரைக்கு வந்துவிடும், எண்ணெயைப் பிடித்து நிறுத்தும் பூட்டு வால்வு என் சிலிண்டர்களில் இல்லை. தூக்கிய சுமைக்கு அடியில் கால் நுனிகூட இருக்கக் கூடாது என்று உன் ஆட்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடு.

உன் லோடரில் பின்னின் விட்டம், இரண்டு கைகளுக்கும் நடுவே உள்ள அகலம், கீழ்ப் பின்னுக்கும் மேல் பின்னுக்கும் உள்ள தூரம், இந்த மூன்றையும் மில்லியில் அளந்து எழுது. லோடர் கையின் நீளமும் வேண்டும். இங்கே வரைந்து, எந்த வளையத்துக்கு எத்தனை கிலோ என்பதையும் கணக்குப் போட்டு அனுப்புகிறேன். பட்டறைக்குப் போகும் முன் எனக்கு ஒரு போன் பண்ணு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்